மழை பார்க்காத வாரியம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரில் மட்டும் சாயாதீர்கள். சட்டையில் கறுப்பு ஒட்டிக்கொண்டால் போகாது. எங்கள் போகோர் ஊரில் வானம் ஒரு நாள் பெய்யாமல் சும்மா இருந்தால் அதற்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவோம். அப்படிப்பட்ட ஊரில்தான் குடியிருப்பு ஓதத் தடுப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. அதற்குக் கட்டடம் உண்டு, சீருடை உண்டு, வாரியப் பாட்டுகூட உண்டு. சுவரில் ஊறும் ஓதம் மட்டும் அதன் கண்ணில் பட்டதே இல்லை.

இமாஸ் குடியிருந்தது செம்பகா அடுக்குமாடியில், மேல் தளத்தில். கடலைப் புண்ணாக்கை அவித்து, தட்டில் பரப்பி, ஆரஞ்சுப் பூசணம் படரவிட்டு ஓஞ்சோம் கட்டி செய்து சந்தைக்குக் கொடுப்பாள். அவள் புருஷன் சாரிப், ஊருக்குள் ஆள் ஏற்றும் பச்சை வேன் ஓட்டுகிறவன். அந்த வருஷப் பெருமழையில் அவர்கள் முன்னறைக் கூரையில் ஒரு கறுப்பு வட்டம் வந்தது. முதலில் தேநீர்க் கோப்பை வைத்த தடம்போல இருந்தது. பிறகு தட்டு அளவு. பிறகு சுவரில் இறங்கி, அலமாரிக்குப் பின்னால் புகுந்து, தொழுகைப் பாயின் ஓரத்தைத் தின்று, சாரிப்பின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

படுத்தால் மூச்சு விசிலடித்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கியது. கடைசியில் அவன் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போய், வேனின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தான். கல்யாணமான வீட்டில் கட்டில் காலியாகக் கிடக்க, புருஷன் தெருவில் வேனுக்குள் தூங்குகிறான். அக்கம்பக்கம் சும்மா இருக்குமா?

"என்ன இமாஸ், விரட்டி விட்டுட்டியா?" என்று தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கேட்டார்கள்.

"பூசணத்துக்கு இடம் பத்தலையாம். இவரைக் காலி பண்ணச் சொல்லிடுச்சு," என்றாள் இமாஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் குடம் நிரம்பி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

வினிகர் போட்டுத் தேய்த்தாள். வெளுக்கும் மருந்து போட்டுத் தேய்த்தாள். விறகு வைக்காத குறையாக விசிறியை வைத்து ஊதினாள். துடைத்த இடத்தில் மறு வாரமே மீசை முளைத்தது. தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் மொட்டை மாடி வாரியத்துக்குச் சொந்தம். அதன் கதவில் வாரியத்தின் பூட்டு. மேலே ஏறியிருக்கும் ஒரே ஆள், சாலையைப் பார்த்து நிற்கும் பெரிய தகரப் பலகையில் இருந்த வாரியத் தலைவர் பாக் ருஸ்மானா. எங்களிடம் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. "வறண்ட வீடே வாழ்வு" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அவர் முகம், ஒரு லாரி அகலத்துக்குச் சிரித்தது. போன வறட்சிக் காலத்தில்தான் அதை நட்டார்கள்.

ஆக, இமாஸ் வாரியத்துக்குப் போனாள்.

அலுவலக வாசலில் ஒரு வாளி இருந்தது. கூரையிலிருந்து அதற்குள் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய், கள ஆய்வு அலுவலர் பாக் விராந்தாவின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்.

"வாசல்ல ஒழுகுதே, பாக்," என்றாள் இமாஸ், மரியாதைக்காக.

"அது வாளி இருக்கற இடம்மா. வாளி இருந்தா அது ஒழுகல் கணக்குல வராது," என்றார் விராந்தா. "உங்க வீட்ல வாளி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பாதிப் பிரச்சினை முடிஞ்சிடுச்சு. என்ன தொழில் பண்றீங்க?"

"ஓஞ்சோம் போடறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இபு இமாஸ், பூசணம் வளர்த்துப் பொழைக்கறீங்க. அப்புறம் பூசணம் வந்துடுச்சுன்னு புகார் குடுக்கறீங்க. ஆடு வளர்க்கறவன் ஆடு கத்துதுன்னு வந்து நிக்கலாமா?"

"அது ஆரஞ்சு, பாக். தட்டுல வளருது. இது கறுப்பு, கூரையில வளருது. என் வீட்டுக்காரர் மூச்சு விட முடியாம வேன்ல தூங்கறாரு."

"வேன் வறண்டதா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உங்க குடும்பத்துக்கு வறண்ட இருப்பிடம் ஒண்ணு இருக்குன்னு ஆகுதில்ல," என்றார் மகிழ்ச்சியோடு. ஆனாலும் நல்ல மனுஷர். அவள் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆய்வுக் குழு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். "ஈரம் அளக்கற கருவி கொண்டு வருவீங்களா?" என்று கேட்டாள். "மழைக்காலம் முடியட்டும். அந்தக் கருவிக்கு ஈரம் ஆகாது. அலமாரில வெச்சுப் பூட்டியிருக்கோம்," என்றார்.

குழு வருகிறது என்று தெரிந்ததும் செம்பகா மாடியில் கல்யாணக் களை வந்துவிட்டது. மாடிக் குடும்பங்களுக்குத் தலைவி இபு யோயோ. குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். வருகைக்கு முந்தின நாள், அவள் துடைப்பமும் சுண்ணாம்பு வாளியுமாக ஒரு படையையே கூட்டிக்கொண்டு இமாஸ் வீட்டுக்குள் நுழைந்தாள். விருந்தாளி வருவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து இடத்தைச் சுத்தம் பண்ணுவது எங்கள் வழக்கம். மறுத்தால் ஊரோடு ஒட்டாதவள் என்று பேர் வரும்.

"யோயோ அக்கா, அவங்க பார்க்க வர்றதே இந்தக் கறுப்பைத்தானே!"

"பார்க்கட்டும்டி. யார் வேணாம்னா? ஆனா விருந்தாளி வர்ற வீட்ல சுவர் இந்தக் கோலத்துல இருந்தா என் மானம் என்னாவறது? நகரு, நகரு. ஏய், அந்த மூலைல இன்னும் ஒரு பூச்சு அடிங்க!"

சாயங்காலத்துக்குள் சுவர் கல்யாணப்பெண் முகம்போல வெளுத்துவிட்டது. ஒழுகலாவது சாட்சி சொல்லும் என்று இமாஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முற்றத்தில், குச்சித் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, அதன் நுனிகளில் சிவப்பு மிளகாயும் வெங்காயமும் குத்திவிட்டு, பக்கத்தில் சுருட்டோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மழையைப் பெய்யவிடாமல் கட்டுகிறவர், அபா ஜும்ஹா. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் அவரைப்போல ஒருவரை அழைக்காமல் பந்தல் போடமாட்டோம். வாரியம் அவரைக் கள ஆய்வுக்கு அழைத்திருந்தது.

"ஒழுகறதைப் பார்க்க வர்றவங்களுக்கு எதுக்கு அபா மழையைக் கட்டறீங்க?" என்று கேட்டாள் இமாஸ்.

"அவங்க போட்டிருக்கறது பத்திக் சாயச் சட்டைம்மா. நனைஞ்சா சாயம் போயிடும்," என்றார் அபா.

குழு வந்தது. பாட்டு பாடியது. தின்பண்டப் பெட்டியைத் திறந்து, இலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோற்றைத் தின்றது. வெயில் பளீரென்று அடிக்க, விராந்தா சுவரில் கை வைத்துப் பார்த்தார். கையில் புதுச் சுண்ணாம்பு ஒட்டியது. "வறட்சி," என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இபு யோயோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடியும் மழை. மறுபடியும் மீசை. இந்த முறை மூச்சு விசில் வேனுக்குள்ளும் கேட்டது. பயணிகள் சாரிப்பை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த வேனில் ஏறினார்கள். இமாஸால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டைத் திருப்புவாள், ஜன்னலுக்குப் போவாள், கீழே வேனைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், மறுபடி அதே தட்டைத் திருப்புவாள். மறுபடி வாரியத்துக்குப் போனாள். மறுபடி குழு வந்தது. இந்தத் தடவை இபு யோயோ சுண்ணாம்பு வாளியோடு வந்தபோது இமாஸ் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, குளிப்பதாகக் கத்தினாள். அன்று முழுக்கக் குளித்தாள்.

அதனால் விராந்தா கறுப்பைக் கண்ணாரப் பார்த்தார். முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. அவர் கூரைக்குக் கீழே நின்று உள்ளங்கையை நீட்டினார். காத்திருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"இது ஒழுகல் இல்லம்மா," என்றார் கடைசியில், மெதுவான குரலில். "ஒழுகலோட ஞாபகம். கட்டடத்துக்கு ஞாபகம் இருக்கத்தான் செய்யும். ஞாபகத்தை ரிப்பேர் பண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"மழை பெய்யறப்ப வந்து பாருங்க, பாக். கெஞ்சிக் கேக்கறேன்."

"மழையிலயா?" விராந்தா மப்ளரை இறுக்கினார். "மழையில களப்பணி கூடாதுன்னு விதியே இருக்கும்மா. ஊழியர் நனைஞ்சா ஓதம் ஆயிடுவாங்க. ஓதத்தைத் தடுக்கறதுதானே எங்க வேலை?"

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று இமாஸுக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை தப்பே இல்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள்.

இரண்டு முறை வறண்டு காணப்பட்ட வீடு போகோரில் வேறெங்கும் இல்லையாம். அதனால் அந்த வருஷத்தின் முன்மாதிரி வறண்ட வீடு என்ற விருது இமாஸின் வீட்டுக்குக் கிடைத்தது. தலைவர் பாக் ருஸ்மானாவே வந்து கோப்பை கொடுப்பார் என்று சேதி வந்தது. இபு யோயோ ஓடி வந்து இமாஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலாக இமாஸ் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் இப்போது முறத்தளவு ஆகியிருந்தது.

விருது கொடுத்துவிட்டால் இனி யாரும் புகாரை வாங்கமாட்டார்கள். சாரிப் வேனிலேயே கிடக்க வேண்டியதுதான், மூச்சு நிற்கும்வரைக்கும்.

சூடான ஓஞ்சோமை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அபா ஜும்ஹாவிடம் போனாள்.

"அபா, விருது அன்னிக்கு மட்டும் மழையைக் கட்டாதீங்க."

கிழவர் பொதியைப் பிரித்து, இருந்து தின்றார். விரலை நக்கிக்கொண்டார். "கண்ணு, நான் மழையைக் கெஞ்சறவன். கட்டறவன்னு ஊர் சொல்லிக்குது. கெஞ்சினா இந்த ஊர் மழை மத்தியானம் வரைக்கும் பொறுக்கும். அதுக்கு மேல எங்க அப்பா கெஞ்சினப்பகூடப் பொறுக்கலை. அதான் வாரியத்துக்காரங்ககிட்ட எப்பவும் காலைல வெச்சுக்குங்கன்னுதான் சொல்லுவேன். காலைல வருவாங்க, பாடுவாங்க, தின்னுவாங்க, போயிடுவாங்க."

"மத்தியானம் வரைக்கும் இருந்தா?"

"ஏன் இருக்கப் போறாங்க? பேசி முடிச்சா போகவேண்டியதுதானே."

இமாஸ் வீடு திரும்பும்போது வேகமாக நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

விழா அன்று காலை வானம் கண்ணாடிபோல இருந்தது. முன்னறையில் சாரிப்பின் கட்டிலை வெளியே எடுத்துப்போட்டு, அந்த இடத்தில் தலைவருக்குச் சிவப்பு மெத்தை நாற்காலி போட்டார்கள். அதிகாரிகள் அறைக்குள், ஜனங்கள் வெளித் தாழ்வாரத்தில். சாரிப் கீழே வேனில் இருமிக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி வரிசையில் இரண்டே பேச்சு: தலைவரின் பேச்சு, அதற்கு முன்னால் விராந்தாவின் வரவேற்பு. இபு யோயோ ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்தாள்.

விராந்தா வரவேற்று முடித்ததும், தேநீர் கொடுக்கிற சாக்கில் இமாஸ் இபு யோயோவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, துணைத் தலைவரைப் பேசக் கூப்பிடலையா? பாவம், முகமே வாடிப் போச்சு. நம்ம மாடில வந்து மனசு நொந்து போனார்னா..."

இபு யோயோவின் மானம் அலறிப் புடைத்து எழுந்தது. துணைத் தலைவர் கூப்பிடப்பட்டார். எங்கள் ஊரில் மேடை ஏறுகிறவர், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் பதவி வரிசைப்படி பேர் சொல்லி, பட்டம் சொல்லி வணங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். யாரையாவது விட்டால் விட்டவரை அடுத்து மேடைக்கு அழைப்பதுதான் மன்னிப்பு. துணைத் தலைவர் பொருளாளரை விட்டுவிட்டார். பொருளாளர் பேசினார்.

"எங்க வாரியத்துல வருஷா வருஷம் பெரும்பங்கு எதுக்குப் போகுதுன்னு கேக்கறாங்க. சீருடைக்குப் போகுதுன்னு நான் பெருமையோட சொல்றேன். நனையாத சீருடை!"

கைதட்டல். இமாஸ் ஜன்னலுக்குப் போனாள். சாலாக் மலைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற விளிம்பு தெரிந்தது. திரும்பி வந்தாள்.

"அக்கா, பயிற்சிப் பிரிவு ஐயா..."

பயிற்சிப் பிரிவு ஐயா எழுந்தார். ஊழியர்களை ஓதம் பற்றிக் கற்றுக்கொள்ளப் பாலைவன நாட்டுக்கு அனுப்பியதை விவரித்தார். "அங்க ஓதமே இல்லைங்க. எப்படிச் சாதிச்சாங்கன்னு கேட்டோம். மழை பெய்யறதில்லைன்னாங்க. உடனே குறிச்சுக்கிட்டோம்." அவருக்குப் பிறகு மகளிர் அணி. பிறகு தலைவரின் மைத்துனர். அவர் என்ன பதவி என்று யாருக்கும் தெரியாததால் அதிக நேரம் வணங்கப்பட்டார். தாழ்வாரத்தில் ஜனங்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். முற்றத்திலிருந்து அபா ஜும்ஹா மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

"இமாஸ், போதும்! எம் பொழப்புல மண்ணைப் போடாத!"

இமாஸ் அவருக்கும் ஒரு தேநீர் அனுப்பினாள்.

வெயில் தலைக்கு மேலே வந்து, பிறகு காணாமல் போனது. அறைக்குள் யாரோ விளக்கைப் போட்டார்கள். அப்போதுதான் தலைவர் பாக் ருஸ்மானா எழுந்து, பளிங்குப் பீடம் வைத்த கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டார்.

"பெரியோர்களே! இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க ஒரு ஒழுகலைக்கூட நேர்ல பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு வாரியத்துக்கு உண்டா? நாங்க போன இடமெல்லாம் வறட்சி! நாங்க கால் வெச்சா..."

டப்.

அவருடைய கறுப்புத் தொப்பியில் ஒரு சொட்டு. அவர் நிறுத்தினார். வெளியே தகரக் கூரைகள்மேல் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறாற்போல ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"நாங்க கால் வெச்சா..." டப். டப். "இது என்ன விராந்தா?"

விராந்தா எழுந்து நின்றார். "ஞாபகம், பாக்."

"என்னது?"

"பழைய ஒழுகலோட ஞாபகம்."

சிவப்பு மெத்தைமேல் கறுப்புத் தண்ணீர் கயிறாக இறங்கியது. தலைவரின் மூக்கு நுனியில் பூசணத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. "ஞாபகம் ஏன்யா நனைக்குது?" என்று கத்தியவருக்கு இருமல் வந்தது. மகளிர் அணிக்கு வந்தது. பொருளாளருக்குத் தும்மல். நனையாத சீருடையின் சாயம் கரைந்து நீலநீலமாகத் தரையில் ஓடியது. ஓடலாம் என்றால் வாரியத்தின் கார்கள் நின்ற சந்தில் முழங்கால் தண்ணீர். கீழே அபா ஜும்ஹா துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மத்தியானம் வரைக்கும்தான் கெஞ்சினேன்! அதுக்கு மேல பேசினா மழை என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து வருது? மேல என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

"உங்க இடம்தான், பாக்," என்றாள் இமாஸ். "பூட்டியிருக்கு."

சாவி விராந்தாவிடம் இருப்பதாகப் பொருளாளர் நினைத்திருந்தார். பொருளாளரிடம் இருப்பதாகத் துணைத் தலைவர் நினைத்திருந்தார். தலைவரின் மைத்துனர் மட்டும் ஒன்றும் நினைத்திருக்கவில்லை. கடைசியில் தலைவர் கையிலிருந்த கோப்பையின் பளிங்குப் பீடத்தாலேயே பூட்டை அடித்தார்கள். துருப் பிடித்த பூட்டு, ஒரே அடிதான். அந்தக் கோப்பையால் நடந்த ஒரே நல்ல காரியம்.

மொட்டை மாடியில் கணுக்கால் தண்ணீர். அதன் நடுவே, பலகையின் இரும்புக் கால்கள். ஒவ்வொரு காலையும் தளத்தைத் துளைத்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தண்ணீர் சுழித்துச் சுழித்து உள்ளே இறங்கியது, இமாஸின் முன்னறைக்கு. மேலே லாரி அகலத்துக்குப் பாக் ருஸ்மானா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பாக் ருஸ்மானா சிரிக்கவில்லை.

"இதைக் கழட்டிட்டா போதும், பாக்," என்றாள் இமாஸ். "ஒரே ஒரு பலகைதான்."

அவர் வெகுநேரம் தன் முகத்தையே பார்த்தார். "இதுல என் படம் இருக்கும்மா," என்றார். "இதைக் கழட்டறதுக்குக் குழு போடணும். குழு ஆய்வு பண்ணணும். அதுவும் வறட்சிக் காலத்துலதான் முடியும்." பிறகு தும்மினார்.

கார் கிளம்பாததால் அவர்களைச் சாரிப்தான் தன் பச்சை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் இருமினான். "ஏம்ப்பா இப்படி இருமற?" என்று தலைவர் கரிசனமாகவே கேட்டார்.

"உங்க மூஞ்சியாலதான், பாக்," என்றான் சாரிப், கியரை மாற்றிக்கொண்டே.

அவர்களை இறக்கிவிட்டு, ஸ்பேனர் பெட்டியோடு திரும்பினான். பூட்டு இல்லாத கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இபு யோயோவே முதல் ஆளாகப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சுண்ணாம்பு வாளியில் இந்த முறை தார் இருந்தது. மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, போல்ட்டைக் கழற்றி, நாலு பேர் பிடித்துப் பலகையைச் சாய்த்தார்கள். ஓட்டையைத் தாரால் அடைத்து, அதே தகரத்தைத் தளத்தின்மேல் விரித்தார்கள்.

"முகம் மேல பார்க்கணுமா, கீழ பார்க்கணுமாடி?" என்று கேட்டாள் இபு யோயோ.

"மேல," என்றாள் இமாஸ். "மழை எப்படி இருக்கும்னு அவரும் பார்க்கட்டும்."

வாரியம் அந்த வருஷ அறிக்கையில், செம்பகா மாடியின் ஓதம் வாரியத்தின் விளம்பரப் பலகையாலேயே தீர்ந்தது என்று எழுதிக்கொண்டது. எல்லா மாடிகளுக்கும் மாடிக்கொரு பலகை கொடுக்கப் போகிறார்களாம்; நட்டுத்தான் கொடுப்பார்களாம். அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை, கண்ணுகளா. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

சுவர் காய நாளானது. சுரண்டி, தேய்த்து, வெயில் கண்ட நேரமெல்லாம் கதவைத் திறந்துவைத்து, மீசையை ஒருவழியாக இமாஸ் விரட்டினாள். ஒரு மத்தியானம் சாரிப் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே வந்தான். கட்டிலில் உட்கார்ந்தான். கையை ஊன்றி, பயந்து பயந்து, மல்லாந்து படுத்தான். இமாஸ் ஓஞ்சோம் தட்டைப் பிடித்தபடி நின்று காது கொடுத்தாள்.

விசில் இல்லை. மேலே மழை வந்தது. தலைவரின் முகத்தில் அது தாளம் போட, கீழே சாரிப் குறட்டை விட ஆரம்பித்தான். மெல்லிய குறட்டை இல்லை. மலையேறுகிற வேன் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டுகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டிலிருந்து இபு யோயோ சுவரைத் தட்டினாள்.

இமாஸ் ரொம்ப நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, தனக்கும் கண் சொருகியதும், இன்னொரு தலையணையை எடுத்துக்கொண்டு வேனில் தூங்கக் கீழே இறங்கிப் போனாள்.